மட்கார்டை மடக்குவது என்றால் என்ன? அகல டயர் போட நினைப்பவர்களுக்கு

நாகர்கோவிலில் ஏதாவது ஒரு டயர் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். "அகல டயர் போட்டா உரசுமே?" என்று ஒருவர் கேட்பார். "மட்கார்டைக் கொஞ்சம் தட்டித் தூக்கினா போதும்லா" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்டவர் தலையாட்டுவார். ஒரு வாரத்தில் வண்டி பட்டறையில் நிற்கும். ஒரு வருஷத்தில் அதே இடத்தில் துரு நிற்கும்.

குழப்பம் அந்தத் ‘தட்டித் தூக்குவதில்’தான் இருக்கிறது. தகட்டின் ஓரத்தை உள்ளே மடக்குவது, தகட்டையே வெளியே இழுப்பது, வெட்டி எடுப்பது, மேலே தனியாக ஒரு விளிம்பு பொருத்துவது என்று நான்கு வேலைகளையும் அந்த ஒரே பேரில்தான் சொல்கிறார்கள். செலவு, ஆபத்து, பலன் எல்லாமே நான்குக்கும் வேறு வேறு. நான் மெக்கானிக் இல்லை. என் வண்டிகளில் இரண்டு தடவை இந்த வேலை நடந்தது, அதில் ஒன்று கெட்டுப்போனது. கெட்டுப்போனதில் கற்றதுதான் இங்கே அதிகம்.

மட்கார்டு என்று நான் சொல்வது சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் பாடித் தகட்டை. புத்தகங்களில் ஃபெண்டர் என்று இருக்கும். முன்பக்கத்தில் இது போல்ட் போட்டு மாட்டிய தனித் தகடு, கழற்றி மாற்றலாம். பின்பக்கத்தில் பாடியோடு வெல்டிங் செய்த பகுதி, அதைக் கழற்ற முடியாது. இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாக வேலை செய்யப்போகிறது.

டயர் எங்கே வளர்கிறது?

பழைய ஸ்விஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த வகைகளில் 165/80 ஆர்14 என்றும், விலை கூடிய வகைகளில் 185/65 ஆர்15 என்றும் டயரில் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் சதவீதம்: டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீத உயரம் என்பது. 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மி.மீ., இரண்டாவதன் உயரம் 621.5 மி.மீ. அதாவது அகலத்தை 20 மி.மீ. கூட்டிய கம்பெனிக்காரர்கள் உயரத்தை விட்டுவிட்டார்கள். பக்கச் சுவரைக் குறைத்து, ரிம்மைப் பெரிதாக்கிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை. அதே வண்டியில் 205/55 ஆர்16 மாட்டினால் உயரம் 632 மி.மீ. ஆகிவிடும். டயரின் உச்சி மட்கார்டுக்கு 6 மி.மீ. கிட்டே போய்விடும். ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிட இரண்டு சதவீதம் போலக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

அகலத்தைப் பற்றி ஒரு தப்பு எண்ணம் பரவலாக இருக்கிறது. டயர் 40 மி.மீ. அகலமானால் 40 மி.மீ. வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரிம்மின் நடுக்கோடு மாறாமல் இருந்தால் 20 வெளிப்பக்கம், 20 உள்பக்கம். உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் காத்திருக்கின்றன. மட்கார்டை எவ்வளவு அழகாக மடக்கினாலும் அந்தப் பக்கத்து உரசல் தீராது.

ஆஃப்செட்: யாரும் கேட்காத எண்

அடியும் மூடியும் இல்லாத ஒரு வட்டத் தகர டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே குறுக்காக ஒரு தட்டு பற்றவைத்திருக்கிறது. அந்தத் தட்டில் ஆணி அடித்து டப்பாவை ஒரு தூணின் முனையில் மாட்டப்போகிறோம். தட்டு டப்பாவின் சரி நடுவில் இருந்தால், டப்பாவில் பாதி தூணைச் சுற்றி உள்ளே போய்விடும், பாதி வெளியே நிற்கும். தட்டு வெளி வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் டப்பா முக்கால்வாசி உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்.

ரிம்மும் இப்படித்தான். அந்தத் தட்டுதான் ரிம் வண்டியில் போய் உட்காரும் முகம். ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து அந்த முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் உள்பக்கத்தில் ‘ஈடி 45’ என்பது போல வார்த்திருப்பார்கள். ஈடி எண் பெரிதானால் சக்கரம் உள்ளே ஒதுங்கும், சிறிதானால் வெளியே துருத்தும். சட்டென்று நினைப்பதற்கு இது நேர்மாறாக இருப்பதால் ஒரு தடவை மெதுவாக யோசித்துக்கொள்வது நல்லது.

ஒரு உதாரணம். ஐந்தரை அங்குல அகல ரிம், ஈடி 45. அதைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல ரிம், ஈடி 35 மாட்டுகிறோம். ரிம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அகலமாகிவிட்டது. பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த ரிம்மும் 10 மி.மீ. வெளியே வருகிறது. ஆக, வெளி ஓரம் 29 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. உள் ஓரம் 9 மி.மீ. மட்டும் உள்ளே போயிருக்கிறது. டயரை மாற்றாமலே இவ்வளவு!

பழைய அலாய் ரிம் வாங்குகிறவர்கள் வடிவத்தையும் விலையையும் பார்ப்பார்கள், போல்ட் ஓட்டைகள் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். ஈடி எண்ணைக் கேட்கிறவரை நான் பார்த்ததே இல்லை. நானும் முதல் தடவை கேட்கவில்லை.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் சொன்னால்: டயர் மேலே எவ்வளவு வளர்கிறது என்பதை டயர் எண் சொல்லும், பக்கத்தில் எவ்வளவு துருத்தும் என்பதை ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் சொல்லும். மட்கார்டு வேலை வேண்டுமா வேண்டாமா என்பதே இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு வரும் கேள்வி.

நின்றால் உரசாது, ஓடினால் உரசும்

கடையில் புது ரிம்மை மாட்டி, வண்டியை இறக்கி, நான்கு பக்கமும் விரலை விட்டுப் பார்த்து, "ஒரு விரல் கேப் இருக்குது" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குக் கிளம்புவோம். குலசேகரம் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்பக்கம் இறங்கும்போது ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அப்புறம் லேசாக ரப்பர் கருகும் வாடை.

சக்கரம் மட்கார்டுக்குள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பள்ளத்தில் விழுந்து எழும்போதும், ஆள் ஏறும்போதும் ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சஸ்பென்ஷன் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயரின் முன் மூலையும் பின் மூலையும் வெளியே வீசும். அதனால் முன்பக்கத்தில் பெரும்பாலும் உச்சியில் உரசாமல், பம்பர் வந்து மட்கார்டோடு சேரும் மூலையில் உரசும். அது பிளாஸ்டிக். அதை யாரும் மடக்க முடியாது.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண வழி: மட்கார்டின் உள் ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழக்கமாக உரசும் அந்த வேகத்தடையில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். டயரில் வெள்ளை ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டயரில் மெலிந்த இடம் அதுதான். தகட்டு ஓரம் கத்தி மாதிரி அங்கே கீறிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஓடும்போதே வெடிக்கும்.

அந்த மடிப்பு எதற்கு அங்கே இருக்கிறது?

மட்கார்டின் வளைவுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தகடு வெளியே இருந்து வந்து, ஓரத்தில் சட்டென்று உள்பக்கம் திரும்பியிருக்கும். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நாடா போல. இனி இதை ‘மடிப்பு’ என்றே சொல்கிறேன். அகல டயர் முதலில் முட்டுவது இந்த மடிப்பின் முனையில்தான்.

வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாருங்கள். ஓரம் சுருட்டி விட்டிருப்பார்கள். ஓரம் சுருட்டாத தகட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் நெளியும், சுருட்டியது நெளியாது. கையையும் கிழிக்காது. கார் பாடியின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7 மி.மீ. கனம்தான் இருக்கும். அந்த மெல்லிய தகடு இவ்வளவு பெரிய வளைவில் ஆடாமல் நிற்பதற்கு இந்த மடிப்பு ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் மடிப்பை கிரைண்டர் வைத்து வெட்டி எறிவதைவிட மடக்குவது நல்லது என்கிறார்கள். வெட்டினால் பலமும் போகும், பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு முனையும் வெளியே வரும். மடக்கும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருந்த நாடா, வெளித் தகட்டின் முதுகோடு மேல்நோக்கி ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஓரம் இரட்டைத் தகடாகவே இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டயருக்குக் கிடைப்பது அந்த நாடாவின் அகலம், சுமார் ஒரு சென்டிமீட்டர். அதற்கு மேல் மடக்குவதால் எதுவும் கிடைக்காது. ஆஃப்செட் உதாரணத்தில் வந்த 29 மி.மீ. இதில் அடங்கவே அடங்காது.

தையல்காரருக்குத் தெரிந்த ரகசியம்

நேரான தகட்டை மடக்குவது காகிதத்தை மடிப்பது மாதிரி, கஷ்டமே இல்லை. மட்கார்டு அரை வட்டம். தொல்லை அங்கேதான்.

சட்டையின் கைக்குழியை உள்பக்கம் மடித்துத் தைக்கும்போது தையல்காரர் என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டு விடுவார். வெட்டாமல் மடித்தால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கி நிற்கும். ஏனென்றால் குழியின் ஓரம் சின்ன வட்டம். அதை உடம்புப் பக்கம் மடித்தால் அது போய்ப் படுக்க வேண்டிய இடம் பெரிய வட்டம். துணி போதாது.

மட்கார்டிலும் அதே கதை. மடிப்பு 12 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை மேல்நோக்கி மடக்கும்போது அதன் முனை சக்கரத்தின் மையத்தில் இருந்து இன்னும் 12 மி.மீ. தள்ளிப் போகிறது. அரை வட்டம் முழுக்க மடக்கினால் அந்த முனை 38 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும். இரும்பு எங்கிருந்தும் வராது. இருக்கிற தகடே நீள வேண்டும். சாதாரண வண்டியின் வளைவுக்கு இது மூன்று, மூன்றரை சதவீத நீட்சி. மட்கார்டுத் தகடு அதைத் தாங்கும், மெதுவாகக் கேட்டால்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? மடிப்பு நீள மறுத்து வெளித் தகட்டை இழுக்கும். ஓரத்தில் அலை அலையாக நெளிவு விழும். மட்கார்டு வேலை செய்த சில வண்டிகளை வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் பிரதிபலிப்பு தண்ணீர் மாதிரி ஆடும், பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

இரும்பு திரும்பிப் பார்க்கும்

ஹாக்சா பிளேடை வளைத்து விட்டால் நேராகிவிடும். கட்டிட வேலைக்கு உபயோகிக்கும் கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே இருக்கும். இரண்டும் இரும்புதான். எந்த உலோகத்தையும் ஒரு எல்லை வரை வளைத்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் புது வடிவம் நிலைத்துவிடும். பிளேடுக்கு அந்த எல்லை தூரத்தில் இருக்கிறது, கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கம்பியும் முழுசாகச் சொன்னபடி கேட்பதில்லை. வளைத்துக் கையை எடுத்தால் துளி பின்வாங்கும். இதைத் திரும்பல் என்று சொல்லலாம். தகட்டை மடக்குகிறவர் இதை மனதில் வைத்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக அழுத்துவார். இன்னொன்று, கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை வளைத்தால் அந்த இடம் முறுக்கேறி, கடைசியில் பட்டென்று முறியும். தப்பாக மடக்கியதை நேராக்கி மறுபடி மடக்குவது இந்த வேலையில் ஆகாது என்பதற்கு அதுதான் காரணம்.

மொத்தத்தில் இரும்புக்கு இரண்டு சங்கடங்கள்: வளைவில் நீள வேண்டும், நீண்ட பிறகும் பின்வாங்கும். இரண்டுக்கும் வழி, பல தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவது. இரும்பாவது இப்படிச் சமாதானமாகிவிடும். அதன் மேல் இருக்கும் பெயிண்ட்தான் மோசம்.

தக்கலைப் பக்கம் ஒரு காலை நேரம்

என் இரண்டாவது வண்டியின் முன் மட்கார்டுகளை மடக்கியவர் தக்கலைப் பக்கத்தில் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் டிங்கர் மேஸ்திரி. வயது அறுபது இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் இருந்த இடத்தில் ஒரு கருவியை போல்ட் போட்டு மாட்டினார். ஒரு கை, அதன் முனையில் கெட்டி ரப்பர் போல ஒரு உருளை. கையின் நீளத்தையும் உருளையின் சாய்வையும் திருகித் திருகி மாற்றலாம். உருளை மடிப்பில் பட்டதும் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். கருவி சக்கரத்தின் மையத்தில் மாட்டியிருப்பதால் வளைவு தானாகவே ஒழுங்காக வருகிறது. சுத்தியலால் அடித்தால் அடி விழுந்த இடம் மட்டும் பள்ளமாகும். உருளை ஒரே மாதிரி அழுத்திக்கொண்டு போகும்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டு ஓரம் முழுக்க நகர்த்திப் பார்த்தார். ஒட்டாமல் நழுவும் இடத்தில் முன்பு யாரோ பட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, காய்ந்தால் கல். அது நீளவே நீளாது. மடக்கினால் அப்படியே பெயர்ந்து விழும். அப்படிப்பட்ட வண்டியை அவர் எடுப்பதில்லையாம்.

அப்புறம் ஹீட் கன்னை எடுத்து மடிப்பின் மேல் அனலை ஓட்டினார்.

"எவ்வளவு சூடு வேணும் அண்ணாச்சி?"

"கை வச்சா மூணு எண்ணுகதுக்குள்ள எடுத்திரணும் மக்களே. அதுக்கு மேல போனா பெயிண்டு பொங்கிரும்."

பொதிச்சோறு கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சை வாழை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அனலில் வாட்டி எடுத்தால் துணி மாதிரி மடியும். பெயிண்ட் குளிர்ந்திருக்கும்போது கண்ணாடிப் பூச்சு மாதிரி விறைத்து நிற்கும், அடியில் இருக்கும் இரும்பு நீளும்போது கூடவே நீளாமல் விரியும், அதாவது விரிசல் விழும். சூடு பட்டால் இளகிக் கொடுக்கும். இந்தச் சூடு பெயிண்டுக்காகத்தான். இரும்பை இளக்க இந்த அனல் எந்த மூலைக்கும் போதாது.

அழுத்தத்தைத் துளி கூட்டுவார், பத்துத் தடவை ஆட்டுவார், மறுபடி அனல், மறுபடி ஒரு துளி. நான் பொறுமை இழந்து, "கொஞ்சம் அழுத்திப் போட்டா சட்டுனு முடியாதா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பைய, பைய. நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க." ஒரு மட்கார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழு அரை வட்டத்தையும் அவர் தொடவில்லை. கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் இருந்து இரண்டு மணி வரைதான். டயர் ஏறி முட்டுவது அங்கேதானே!

இந்தக் கருவி இல்லாத இடங்களில், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கட்டையையோ பைப்பையோ செருகி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். அமெரிக்காவில் இதற்குப் பேஸ்பால் மட்டையை உபயோகித்திருக்கிறார்கள். மடங்கும், உண்மைதான். எங்கே எவ்வளவு அழுத்தம் என்பது கட்டையின் இஷ்டம். கட்டை நழுவினால் மட்கார்டு நசுங்கும், பிடித்திருப்பவர் விரலும் நசுங்கும்.

மடக்குவது வேறு, இழுப்பது வேறு

மடக்கினால் வெளித் தோற்றம் மாறாது என்று சொன்னேன். அந்த ஒரு சென்டிமீட்டர் போதவில்லை என்றால் சிலர் அதே கருவியை வைத்து இன்னும் அழுத்துவார்கள். மடிப்பு ஏற்கனவே படுத்துவிட்டதால் இப்போது வெளித் தகடே வெளிப்பக்கம் வழியும். இதுதான் இழுப்பது. தகடு இரண்டு திசையிலும் நீள வேண்டியிருக்கிறது. பெயிண்ட் தப்பிப்பது அபூர்வம். பெரும்பாலும் பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று முழுச் செலவும் வரும்.

அதற்கும் மேலே போனால் வெட்டுவதுதான். வளைவை வெட்டிப் பெரிதாக்கி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள், அல்லது வெட்டின இடம் மறையும்படி மேலே ஒரு ஃபைபர் விளிம்பைத் திருகி மாட்டுவார்கள். பந்தய வண்டிகளில் அது அழகு. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு போவது என்ன அழகோ, எனக்குப் புரியவில்லை.

பின் மட்கார்டும் நம் ஊர்க் காற்றும்

முன் மட்கார்டு ஒற்றைத் தகடு. கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். பின்பக்கத்தில் அந்த மடிப்பு இரண்டு தகடுகள் சேரும் இடம். வெளித் தகட்டின் ஓரமும், சக்கரத்தை உள்ளிருந்து மூடும் கிண்ணம் போன்ற தகட்டின் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்திருப்பார்கள். நடுவில் தண்ணீர் இறங்காமல் சீலர் என்னும் ரப்பர் மாதிரிப் பசையைப் போட்டிருப்பார்கள். இதை மடக்கினால் இரண்டு தகடும் சேர்ந்து மடங்கும். அவை ஒரே அளவு நீள்வதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். சீலர் விரிந்துவிடும்.

என் முதல் வண்டியில் நடந்தது இதுதான். வேறொரு பட்டறை, ஒரு டிசம்பர் மாதம், அனல் எதுவும் காட்டாமல் சுத்தியலாலேயே மடக்கினார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். மடிப்பு ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. ஸ்பிரே டப்பாவால் அதன் மேல் கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். அப்போது நாங்கள் குளச்சல் பக்கம் இருந்தோம். ராத்திரி வெளியே நின்ற வண்டியின் கண்ணாடியைக் காலையில் தடவினால் விரலில் உப்பு கரிக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. அந்தக் கோட்டுக்குள் ஈரம் காய நேரமே கிடைக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் வெளிப் பெயிண்ட் அரிசி அளவுக்கு அங்கங்கே கொப்பளித்தது. ஒரு கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

அதனால் பின்பக்கம் மடக்குவதாக இருந்தால் வேலை முடிந்த அன்றே மடிப்பைச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, புது சீலரை ஓரம் முழுக்க இழுத்துவிட வேண்டும். பெயிண்ட் விரியாதது போலத் தெரிந்தாலும் இதை விடக் கூடாது. விரிந்தது உள்பக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. ‘பெயிண்ட் விரியல, அதனால துரு வராது’ என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம். உள்ளே மடிப்பைப் படுக்கவைப்பதை யாரும் வெளியே நின்று பார்க்க முடியாது. பாடியைத் தாண்டித் துருத்தும் டயர் அப்படி இல்லை. டிஎன் 74, டிஎன் 75 எண் வண்டிகள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகாத வாரமே இல்லை. அங்கே இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுவது நல்லது, விபத்து நடந்த பிறகு தெரிவிப்பதில் பலனில்லை.

கடைசியாக, அந்த உரசல்

தக்கலை மேஸ்திரியிடம் நான் போனது நான்கு மட்கார்டையும் மடக்கத்தான். முன்பக்கம் இரண்டும் முடிந்ததும், பின்பக்கத்தையும் அப்படியே செய்துவிடுங்கள் என்றேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க மடிப்பில உரசல" என்றார். பின் பம்பரின் முனையை மட்கார்டோடு பிடித்திருக்கும் ஒரு திருகாணியின் தலை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. டயரிலும் அதே உயரத்தில் வட்டமாக ஒரு கீறல். திருகாணியைக் கழற்றி, தட்டைத் தலை உள்ள வேறொன்றை மாட்டினார். ஐந்து நிமிஷ வேலை. அதற்குக் காசு வாங்கவில்லை. பின் மட்கார்டுகள் இன்றுவரை கம்பெனி மடித்தபடியே இருக்கின்றன. அதே ஆட்களோடு அதே திற்பரப்பு ரோட்டில் போய் வந்தோம், சத்தம் இல்லை.